கோடி பிளேயருக்கு 20×4 எல்சிடி: 1, 3ஆம் வரிகளில் வெறும் கட்டங்கள்

கியூர்பிப் மேடு

வணக்கம். வீட்டில் பாட்டுக்கும் படத்துக்கும் ராஸ்பெரி பை 3பி என்ற சிறு கணினி ஓடுகிறது. ராஸ்பெரி பை ஓஎஸ் புக்வார்ம், அதன்மேல் கோடி என்ற பாட்டு-படம் ஓட்டும் மென்பொருள். டிவியைப் போடாமலே எந்தப் பாட்டு ஓடுகிறது என்று தெரிய, பெட்டியின் முகப்பில் 20 எழுத்து, 4 வரி கொண்ட நீல எல்சிடி வைக்கிறேன். அதன் முதுகில் பிசிஎஃப்8574டி சிப் உள்ள ஐ2சி (இரண்டே கம்பியில் சிப்புகள் பேசும் முறை) பலகை பற்றவைத்தே வந்தது.

இணைப்பு நேரடிக் கம்பிதான், 20 செ.மீ. நீளம். பையின் 2ஆம் பின்னிலிருந்து 5 வோல்ட், 6 கிரவுண்ட், 3 எஸ்டிஏ (டேட்டா), 5 எஸ்சிஎல் (கடிகாரத் துடிப்பு). கான்ஃபிக் கோப்பில் ஐ2சி-யை ஆன் செய்தாயிற்று. ஐ2சிடிடெக்ட் போட்டால் பலகையின் முகவரி 27 என்று தெளிவாகக் காட்டுகிறது. எல்சிடிக்குச் சொல் அனுப்பும் எல்சிடிபிராக் மென்பொருளை நிறுவி, டிரைவர் எச்டி44780 (எல்சிடியை இயக்கும் சிப்பின் பெயர்), இணைப்பு வகை ஐ2சி, போர்ட் 0எக்ஸ்27, அளவு 20×4 என்று எழுதியிருக்கிறேன். சர்வீஸ் தொடங்குகிறது, லாக்கில் ஒரு பிழையும் இல்லை.

ஆனால் திரையில் முதல் வரியும் மூன்றாம் வரியும் முழுக் கட்டங்கள். 2, 4 காலி. கான்ட்ராஸ்ட் திருகை இரண்டு முனைக்கும் திருப்பிப் பார்த்தேன். கட்டம் அடர்த்தியாகிறது, மங்குகிறது, அவ்வளவுதான். சர்வீஸ் தொடங்கும் நேரத்தில் பின்வெளிச்சம் சில தடவை துடிக்கிறது. எல்சிடியே பழுதா?

ரோஸ்ஹில் பற்றாசு

எல்சிடி நன்றாக இருக்கிறது. பின்வெளிச்சம் துடிக்கிறது என்று எழுதினீர்களே, காரணம் அதில்தான் தெரிகிறது.

உங்கள் மாதிரிப் பலகைகளில் பிசிஎஃப்8574-இன் கால்கள் எல்சிடிக்குப் போகும் வரிசை இது: பி0 ஆர்எஸ், பி1 ஆர்டபிள்யூ, பி2 இஎன், பி3 பின்வெளிச்சம், பி4 முதல் பி7 வரை டேட்டா டி4 முதல் டி7. (ஆர்எஸ் வருவது கட்டளையா எழுத்தா என்று சொல்வது, ஆர்டபிள்யூ எழுதவா படிக்கவா என்பது, இஎன் 'இப்போது எடுத்துக்கொள்' என்ற சைகை.) நாம் எதுவும் சொல்லாவிட்டால் எல்சிடிபிராக் எடுத்துக்கொள்ளும் வரிசையோ இதற்கு நேர்மாறு. கீழ் நான்கு பிட்டில் டேட்டா, மேல் நான்கில் ஆர்எஸ், ஆர்டபிள்யூ, இஎன், பின்வெளிச்சம். ஆகவே டி7 என்று அது அனுப்புவது உங்கள் பலகையில் பி3-க்குப் போய் விளக்கை அணைத்து ஏற்றுகிறது. எல்சிடிக்குத் தொடக்கக் கட்டளை ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. முகவரி சரியாக இருப்பதால் சிப் "வந்தது" என்று பதில் சொல்லிவிடுகிறது. அதனால்தான் லாக்கில் பிழை இல்லை.

கட்டளை வராத எச்டி44780 தன்னை ஒரு வரித் திரையாகவே நினைத்துக்கொண்டிருக்கும். 20×4 கண்ணாடியில் 1ஆம் வரியும் 3ஆம் வரியும் உள்ளே 40 எழுத்து கொண்ட ஒரே வரி. கட்டங்கள் அந்த இரண்டில் மட்டும் தெரிவது அதனால்தான்.

எல்சிடிபிராக்கின் சர்வீஸ் பெயர் எல்சிடிடி. அதன் கான்ஃப் கோப்பில், எச்டி44780 பகுதியில், இவற்றைச் சேருங்கள். ஒலிப்படி எழுதுகிறேன், கோப்பில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

ஐ2சி_லைன்_ஆர்எஸ் = 0எக்ஸ்01
ஐ2சி_லைன்_ஆர்டபிள்யூ = 0எக்ஸ்02
ஐ2சி_லைன்_இஎன் = 0எக்ஸ்04
ஐ2சி_லைன்_பிஎல் = 0எக்ஸ்08
ஐ2சி_லைன்_டி4 = 0எக்ஸ்10
ஐ2சி_லைன்_டி5 = 0எக்ஸ்20
ஐ2சி_லைன்_டி6 = 0எக்ஸ்40
ஐ2சி_லைன்_டி7 = 0எக்ஸ்80

டிவைஸ் வரியில் ஐ2சி-1 இருக்க வேண்டும். கீபேட் வரி 'நோ'. டிரைவர்பாத் வரியையும் ஒருமுறை பாருங்கள். எச்டி44780.எஸ்ஓ என்ற கோப்பு எங்கே இருக்கிறது என்று ஃபைண்ட் கட்டளையால் தேடி, அந்தக் கோப்புறையை எழுதி, கடைசியில் சாய்கோடு போட்டு முடிக்க வேண்டும். அந்தச் சாய்கோடு விட்டுப்போனால் டிரைவரே ஏறாது.

பிறகு எல்சிடிடி சர்வீஸை மறுபடி தொடங்கினால் வரவேற்புச் சொல் தெரியும். அப்போதுதான் கான்ட்ராஸ்ட்டைக் கடைசியாக வையுங்கள்: எழுத்தில்லாத இடத்தில் கட்டத்தின் நிழல் தெரியும் வரை திருப்பி, அந்த நிழல் மறையும் அளவுக்கு மட்டும் பின்வாங்க வேண்டும்.

ட்ரியோலே 64

பற்றாசு அண்ணா சொன்ன பிட் வரிசையே சரி. நான் சேர்ப்பது மின்னழுத்தம் பற்றி. பலகைக்கு 5 வோல்ட் கொடுத்து எஸ்டிஏ, எஸ்சிஎல் இரண்டையும் நேரே பைக்குக் கொடுத்திருக்கிறார். பையின் கால்கள் 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும். 1ஆம் பின்னிலிருந்து 3.3 வோல்ட் எடுத்து பலகைக்குக் கொடுத்தால் கவலையே இல்லையே?

ரோஸ்ஹில் பற்றாசு

கவலை நியாயம்தான் தம்பி, ஆனால் அந்த மருந்து வேண்டாம். இந்த எல்சிடி 5 வோல்ட்டுக்குச் செய்தது. 3.3 கொடுத்தால் கான்ட்ராஸ்ட்டுக்குப் போதுமான மின்னழுத்தம் கிடைக்காது. சிப் வேலை செய்யும், பின்வெளிச்சம் மங்கலாக எரியும், கண்ணாடியில் எழுத்து மட்டும் வராது. அதைப் பார்த்து எல்சிடி போய்விட்டது என்று தூக்கி எறிபவர்கள் உண்டு.

கணக்கைப் பாருங்கள். பலகையில் 472 என்று அச்சிட்ட இரண்டு ரெசிஸ்டர் இருக்கும், ஒவ்வொன்றும் 4.7 கிலோ ஓம். அவை எஸ்டிஏ, எஸ்சிஎல் இரண்டையும் 5 வோல்ட்டுக்கு இழுக்கின்றன. பைக்குள்ளே 1.8 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் அவற்றையே 3.3-க்கு இழுக்கின்றன. இரண்டும் சேர்ந்து கம்பியில் நிற்பது சுமார் 3.8 வோல்ட். உடனே எரிந்துபோகாது, அதனால்தான் பலர் இப்படியே ஓட்டுகிறார்கள். ஆனால் பையின் எல்லைக்கு மேலே நாள் முழுக்க வைத்திருக்கிறோம்.

அந்த 472 இரண்டையும் கழற்றினால் கம்பி 3.3-இல் நிற்கும். அப்போது மறுபக்கம் இடிக்கும்: 5 வோல்ட்டில் ஓடும் பிசிஎஃப்8574, மின்னழுத்தத்தில் 0.7 பங்கு, அதாவது 3.5 வோல்ட் வந்தால்தான் '1' என்று உறுதியாக எடுத்துக்கொள்ளும். 3.3-இலும் பெரும்பாலும் ஓடும். பெரும்பாலும் என்பதை நம்பிப் பெட்டியை மூட எனக்கு மனம் வராது.

சரியான வழி பிஎஸ்எஸ்138 டிரான்சிஸ்டர் வைத்த நான்கு வழி லெவல் ஷிஃப்டர், அதாவது 3.3, 5 வோல்ட் பக்கங்களுக்கிடையே சைகையை மாற்றித் தரும் சின்னப் பலகை. அதில் எல்வி தாழ்ந்த மின்னழுத்தப் பக்கம், எச்வி உயர்ந்த பக்கம். எல்வி-க்கு பையின் 1ஆம் பின், எச்வி-க்கு 5 வோல்ட், கிரவுண்ட் பொது. எல்வி1-க்கு எஸ்டிஏ, எல்வி2-க்கு எஸ்சிஎல். எதிர்ப்பக்கம் எச்வி1, எச்வி2 எல்சிடி பலகைக்கு. 472 ரெசிஸ்டர்களைக் கழற்ற வேண்டாம், எச்வி பக்கத்தில் அவை இருக்கலாம்.

முகப்பு வெட்டப் போகிறவருக்கு இன்னொன்று. பொதுவான 20×4 எல்சிடி 98×60 மி.மீ., திருகு ஓட்டைகளுக்கிடையே 93×55, இரும்புச் சட்டம் ஏறக்குறைய 97×40. கையிலுள்ளதை அளந்துவிட்டு வெட்டுங்கள். கியூர்பிப் ஈரத்துக்குப் பயந்து சுற்றிலும் சிலிகான் பூசினால், காடி வாடை அடிக்கும் வகையை வாங்காதீர்கள். காயும்போது அது விடும் அமிலம் செம்பை அரிக்கும். வாடையில்லாத, மின் வேலைக்கான சிலிகான் தனியாக விற்கிறார்கள்.

கியூர்பிப் மேடு

மிக்க நன்றி ஐயா. எட்டு வரியும் சேர்த்ததும் வரவேற்புச் சொல் உடனே வந்துவிட்டது. லெவல் ஷிஃப்டரும் போட்டாயிற்று. கோடியின் ஆட்-ஆன் களஞ்சியத்திலிருந்து எக்ஸ்பிஎம்சி எல்சிடிபிராக் எடுத்து, முகவரி 127.0.0.1, போர்ட் 13666 கொடுத்தேன். பாட்டுப் பெயர் ஓடுகிறது.

இப்போது இரண்டு சிக்கல். பிரெஞ்சு எழுத்துகளுக்காக சார்மேப் (எழுத்து அட்டவணை) வரியில் எச்டி44780_யூரோ என்று போட்டேன். சேகா (நம் மொரிஷியஸ் நாட்டுப்பாட்டு) பாட்டுகளின் பெயரில், மேலே வலப்பக்கம் சாய்ந்த கோடு போட்ட ரோமன் 'இ' வர வேண்டிய இடத்தில் சின்னதாக -1 என்று வருகிறது. இடப்பக்கம் சாய்ந்த கோடு உள்ளதற்கு வர்க்கமூலக் குறி.

இரண்டாவது இதைவிடப் பெரியது. வீட்டில் அதிகம் கேட்பது தமிழ்ப் பாட்டு. காவடிப் பாட்டு, தேவாரம் எல்லாவற்றுக்கும் தலைப்பைத் தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறோம். திரையில் வெறும் கேள்விக்குறிகள். தமிழ் எழுத்துரு ஏற்ற வழி உண்டா?

ட்ரியோலே 64

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். எச்டி44780-இல் எழுத்துகள் சிப்பிலேயே பதிந்து வருகின்றன. ஏ00 என்பது ஜப்பானிய கதகனா உள்ளது, ஏ02 ஐரோப்பிய எழுத்துகள் உள்ளது. உங்களுடையது ஏ00. யூரோ சார்மேப் ஏ02-க்கானது. அது 0எக்ஸ்இ9 என்று அனுப்புகிறது. ஏ02-இல் அந்த இடத்தில் சாய்கோட்டு ரோமன் 'இ' இருக்கிறது, ஏ00-இல் மேல்குறியாக -1 இருக்கிறது. பக்கத்து இடம் இ8-இல் வர்க்கமூலம். நீங்கள் பார்த்தது அதேதான்.

சார்மேப் வரியை எச்டி44780_டிஃபால்ட் என்று மாற்றுங்கள். கோடில்லாத வெறும் எழுத்தாக வரும். அழகு குறையும், ஆனால் வாசிக்கலாம். கோடு வேண்டுமென்றால் ஏ02 பதிந்த எல்சிடி என்று கேட்டு வாங்கினால்தான் உண்டு, மென்பொருளால் முடியாது. எல்சிடி வாங்கும்போது தகவல் தாளில் இந்த எண்ணைப் பார்த்து வாங்குவது நம் ஊருக்கு அவசியம். பாட்டுப் பெயரில் பாதி பிரெஞ்சும் கிரியோலும்தானே.

எழுத்துக்காரி

தமிழ் விஷயம். ஏற்ற முடியாது என்பதே நேரான பதில். ஏன் என்று தெரிந்தால் எங்கே நேரத்தைச் செலவிடலாம் என்பது தெரியும்.

முதல் தடை வழியிலேயே இருக்கிறது. எல்சிடிபிராக்குக்குப் போகும் சொல் ஐஎஸ்ஓ 8859-1 என்ற 256 இடக் குறியீட்டில் போகிறது. அதில் தமிழுக்கு இடமில்லை. யூனிகோடில் தமிழ் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை. பொருந்தாத ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறி விழும். 'வணக்கம்' என்ற தலைப்பை ஓடவிட்டு எண்ணிப் பாருங்கள். நமக்கு ஐந்து எழுத்து, திரையில் ஏழு கேள்விக்குறி. 'க்'-இன் புள்ளியும் 'ம்'-இன் புள்ளியும் தனித்தனிக் குறிகள்.

இரண்டாவது தடை கண்ணாடி. ஒரு எழுத்துக்கு 5×8 புள்ளி. நாமே வரைந்து ஏற்றும் எழுத்துகளுக்கு எட்டே இடம். அதிலும் முன்னேற்றப் பட்டை, ஓடுகிறது-நிற்கிறது குறி எல்லாவற்றையும் எல்சிடிபிராக் அதே எட்டுக்குள்தான் வரைகிறது. ட, ப, ம ஐந்து புள்ளி அகலத்தில் அழகாகவே வரும். ண வராது. ஒரு சுழிக்கு இரண்டு சுவரும் நடுவில் ஒரு வெற்றிடமும் வேண்டும். சுவரைப் பகிர்ந்துகொண்டாலும் மூன்று சுழிக்கு ஏழு புள்ளி. ஐந்தில் திணித்தால் அது ன ஆகிவிடும். மணம் மனம் ஆனால் சொல்லே வேறு. ஞ, ஐ, ணை பற்றிப் பேசவே வேண்டாம்.

ஆகவே இந்த எல்சிடியில் ரோமன் எழுத்துதான் காட்ட முடியும். ஆனால் தயவுசெய்து தமிழ்த் தலைப்புகளை அழித்து ரோமனாக்காதீர்கள். டிவியிலும் போனிலும் தமிழ் அழகாகத் தெரிகிறது. ஒரு சின்னத் திரைக்காகத் தொகுப்பு முழுவதையும் கெடுக்கக் கூடாது. தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். அதே கோப்பின் காமெண்ட் புலத்தில் ரோமன் வடிவத்தை எழுதுங்கள். கிட்3 என்ற இலவச மென்பொருளில் ஒரு ஆல்பம் முழுவதையும் ஒரே இடத்தில் திருத்தலாம். பிறகு கோடியில் அந்தக் கோப்புறையை மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பழைய தகவலையே காட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்து, ஆட்-ஆன் கோப்புறைக்குள் ரிசோர்சஸ் என்பதில் எல்சிடி.எக்ஸ்எம்எல்.டிஃபால்ட்ஸ் என்று ஒரு கோப்பு இருக்கும். அதை கோடியின் யூசர்டேட்டா கோப்புறைக்குப் படியெடுத்து, பெயரை எல்சிடி.எக்ஸ்எம்எல் என்று மாற்றுங்கள். உள்ளே மியூசிக் பகுதியில் நான்கு வரி. தலைப்பு வரியில் மியூசிக்பிளேயர்.டைட்டில் இருக்கும் இடத்தில் மியூசிக்பிளேயர்.காமெண்ட் என்று மாற்றினால் போதும். இரண்டாம் வரி பாடியவர், மூன்றாம் வரி எல்சிடி.புரோகிரஸ்பார், நான்காம் வரி பிளேயர்.டைம், சாய்கோடு, பிளேயர்.டியூரேஷன். பாடியவர் பெயரும் தமிழில் இருந்தால் அதையும் காமெண்ட்டிலேயே பின்னால் சேர்த்து எழுதிவிட்டு, இரண்டாம் வரியை வேறெதற்காவது வையுங்கள். 20 எழுத்துக்கு மேல் போனால் தானாக நகரும்.

காமெண்ட் இல்லாத பாட்டுக்கு அந்த வரியில் எதுவும் வராது. அதனால் பிரெஞ்சு, கிரியோல் பாட்டுகளுக்கும் தலைப்பைக் காமெண்ட்டில் படியெடுத்து வைக்க வேண்டியிருக்கும். கிட்3-இல் ஒரு புலத்திலிருந்து இன்னொன்றுக்கு மொத்தமாகப் படியெடுக்கலாம்.

படங்களுக்கு இதே தந்திரம். படத்தின் விவரம் எழுதும் என்எஃப்ஓ கோப்பில் டைட்டில் தமிழில், ஒரிஜினல்டைட்டில் ரோமனில்; எல்சிடி.எக்ஸ்எம்எல்-இன் வீடியோ பகுதியில் வீடியோபிளேயர்.ஒரிஜினல்டைட்டில்.

கியூர்பிப் மேடு

அக்கா, காமெண்ட் வழி வேலை செய்கிறது. ஆனால் அம்மாவுக்கு ரோமன் எழுத்து ஓடாது. அவர்கள் வாசிக்க வேண்டுமென்றால் தமிழே வர வேண்டும். ஓலெட் (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை) வாங்கினால் முடியுமா? எல்சிடியையும் எடுக்காமல் அதே ஐ2சி கம்பியில் இரண்டையும் மாட்டலாமா?

எழுத்துக்காரி

அம்மா வாசிக்க வேண்டுமென்றால் ஓலெட்தான். 0.96 அங்குலத்தை வாங்க வேண்டாம், கைநீளத் தூரத்தில்தான் வாசிக்க முடியும். 2.42 அங்குலம், 128×64 புள்ளி, எஸ்எஸ்டி1309 சிப். ஒவ்வொரு புள்ளிக்கும் நாமே பொறுப்பு என்பதால் தமிழ் முழுதாக வரும். கு, சூ-வின் கீழ்வளைவுக்கும் கி, கீ-யின் மேல்வளைவுக்கும் இடம் விட வேண்டியிருப்பதால் ஒரு வரிக்கு 21 புள்ளி உயரம் ஒதுக்குங்கள், எழுத்தளவு 16. மூன்று வரி கிடைக்கும். தலைப்பு, பாடியவர், நேரம். 1.3 அங்குலத்தில் பல எஸ்எச்1106 சிப்போடு வரும். அதன் நினைவகம் 132 நெடுவரிசை. எஸ்எஸ்டி1306 என்று அமைத்தால் படம் இரண்டு புள்ளி நகர்ந்து ஓரத்தில் குப்பைக் கோடு தெரியும். அது பழுதல்ல, டிரைவர் பெயர் தவறு.

இதற்கு எல்சிடிபிராக் வேண்டாம். பைதானில் லூமா ஓலெட் நூலகம் வரையும். பாட்டு விவரம் கோடியின் ஜேசன்-ஆர்பிசி (மற்ற நிரல்கள் கோடியிடம் விவரம் கேட்கும் முறை) வழியாக வரும். கோடி அமைப்பில் சர்வீசஸ், கன்ட்ரோல் பகுதியில் அதே கணினியிலுள்ள செயலிகளுக்கு அனுமதி கொடுத்தால், 9090 போர்ட்டில் பாட்டு மாறும்போதெல்லாம் பிளேயர்.ஆன்பிளே என்ற செய்தி தானாக வரும். வந்ததும் பிளேயர்.கெட்ஐட்டம் கேட்டு டைட்டில், ஆர்ட்டிஸ்ட் வாங்கிக்கொள்ளலாம். புக்வார்மில் பைதான் நூலகங்களை நிறுவும் பிப் கட்டளையை நேரடியாக ஓட விடாது. வென்வ் என்ற தனிப் பைதான் சூழல் உருவாக்கி, சிஸ்டம் பேக்கேஜ்களையும் பார்க்கும்படி விடுங்கள், படம் வரையும் நூலகமான டெபியனின் பில்லோவைப் பயன்படுத்தலாம்.

தமிழருக்கு மட்டும் வரும் பொறி ஒன்று இதில் உண்டு. பில்லோவில் ரக்ம் என்ற எழுத்தமைப்புப் பொறி ஓட வேண்டும். ஃபீச்சர்ஸ் செக் கட்டளையில் ரக்ம் என்று கேட்டால் ட்ரூ வர வேண்டும். ஃபால்ஸ் வந்தாலும் நிரல் நிற்காது. எழுத்தைத் தப்பாக வரையும். 'கை' என்று எழுதினால் இணைக்கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நிற்கும். பெரும்பாலும் ஃபிரிபிடி நூலகம் இல்லாததுதான் காரணம். அதை நிறுவினால் சரியாகிவிடும். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ், அல்லது டெபியனிலுள்ள லோஹித் தமிழ்.

நீளமான தலைப்பை நகர்த்தும்போது சொல்லை எழுத்தெழுத்தாக வெட்டாதீர்கள். பைதான் வெட்டுவது குறிகளை. ஒரு நொடி 'க்' தெரியும், அடுத்த நொடி 'க' ஆகிவிடும். முழுத் தலைப்பையும் ஒரு நீளப் படமாக வரைந்துகொண்டு, அந்தப் படத்தை இரண்டிரண்டு புள்ளியாக நகர்த்துங்கள். நிலையான எழுத்து மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் ஓலெட்டில் தழும்பு விழும். பாட்டு நின்றதும் திரையை அணைக்க மறக்க வேண்டாம்.

ரோஸ்ஹில் பற்றாசு

ஒரே கம்பியில் இரண்டும் ஓடும். முகவரி மோதாது, ஓலெட் 0எக்ஸ்3சி, எல்சிடி 0எக்ஸ்27. மோதுவது வேகம். ஓலெட் உதாரணங்களில் பாட்ரேட் (கம்பியின் வேகம்) 400000 என்று வைக்கச் சொல்வார்கள். பிசிஎஃப்8574 ஒரு லட்சத்துக்கு மேல் ஓடச் செய்ததல்ல. வேகத்தை ஏற்றினால் எல்சிடியில் நடுநடுவே கண்ட எழுத்தும் விழும்.

ஒரு லட்சத்திலேயே விட்டால் ஓலெட்டின் முழுப் படம் 1024 பைட், பைட்டுக்கு 9 துடிப்பு, ஒரு படத்துக்கு 92 மில்லி நொடி. நொடிக்குப் பத்துப் படம். தலைப்பு நகர அது போதும். இன்னும் வழவழப்பாக வேண்டுமானால் எஸ்பிஐ (ஐ2சி-யைவிட வேகமான இணைப்பு முறை) வகை ஓலெட் வாங்கித் தனிக் கம்பியில் விடுங்கள். 3.3 வோல்ட்டிலேயே பேசும் ஓலெட்டை லெவல் ஷிஃப்டரின் பை பக்கத்தில், எல்வி கம்பியில், மாட்ட வேண்டும். எச்வி பக்கத்தில் அல்ல.

சூறாவளி நாட்களில் மின்சாரம் ஒரு கணம் கண்ணடித்துவிட்டு வரும்போது, பை தாக்குப்பிடித்து எல்சிடி மட்டும் தடுமாறுவது உண்டு. டேட்டா நான்கு நான்கு பிட்டாகப் போவதால் ஒரு பாதி தவறினாலும் அதற்குப் பின் எல்லா எழுத்தும் குப்பை. ரிஃப்ரெஷ்டிஸ்ப்ளே வரியில் 5 என்று போட்டால் ஐந்து நொடிக்கு ஒருமுறை எழுத்துகளைத் திரும்ப எழுதும். ஆங்காங்கே விழுந்த தப்பெழுத்துக்கு அது போதும். பாதி தவறிய நிலைக்கு எல்சிடிடி சர்வீஸை மறுபடி தொடங்கினால் தொடக்கக் கட்டளை முழுதும் போய் ஒழுங்குக்கு வரும். கோடியை நிறுத்த வேண்டியதில்லை, ஆட்-ஆன் தானே திரும்ப இணைந்துகொள்ளும்.